நான் மூன்று முறை ‘ரிபீட்’ போட்ட நோட்டு

நான் கோபக்காரி என்று உங்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். பொய் இல்லை. முப்பத்தொரு வருஷம் சிவில் துறையில் பாடம் எடுத்தேன். என் குரல் நாலாவது மாடி வரைக்கும் கேட்கும் என்று பசங்கள் சொல்வார்கள். நம் கட்டடத்தில் நாலாவது மாடியே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் வீட்டோடு இருக்கிறேன். கத்துவதற்கு வேறு ஆள் இல்லாததால் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நாலாம் வருஷத்து முதல் செமஸ்டரில் நடக்கும் ஒருங்கிணைந்த திட்ட வகுப்பை இனிமேல் நீங்கள்தான் நடத்தப் போகிறீர்களாம். அதை எப்படி நடத்துவது என்பதற்குக் கையேடு இருக்கிறது. மதிப்பெண்ணைப் பிரிக்கும் பட்டியல் இருக்கிறது. படிவங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆரம்பித்த இரண்டாவது வருஷமே அந்த வகுப்பு நின்றுபோகப் பார்த்தது. கூடவே ஒரு பெண்ணுடைய வேலையும் போகப் பார்த்தது. காரணம் நான். அதைத்தான் எழுதுகிறேன்.

வகுப்பு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்துக்குப் பசங்களைக் கூட்டிப் போயிருந்தேன். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின வாரம் அதே கணக்கில் முழு மார்க் வாங்கிய ஒருவன் மேஸ்திரியிடம் போய், “ஏண்ணா, கம்பிய மேல கட்றீங்க? கீழதான வரணும்?” என்று கேட்டான். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறதுக்குக் கம்பி மேலதான் மேடம் வரணும். எங்க சித்தாளுக்கே தெரியும். கீழ கட்டுனா, ஆளு ஏறி நின்னா உடஞ்சி வுழுந்துடும்,” என்றார். அந்தப் பையன் பரீட்சைத் தாளில் கம்பியை மேலேதான் வரைந்திருந்தான். தாளில் வரைந்த கம்பியும் கண்ணெதிரே இருக்கும் கம்பியும் ஒன்று என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு மார்க் போட்டவள் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பசங்களைக் கலந்து குழு பிரிப்போம். ஒவ்வொரு குழுவுக்கும் ஊரில் யாருக்காவது நிஜமாகத் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுப்போம். அந்த வேலைக்கு எந்தப் பாடம் எப்போது வேண்டுமோ அதை அப்போது நடத்துவோம். செய்து முடித்ததை அந்த ஆட்களே பயன்படுத்திப் பார்த்து நல்லது கெட்டது சொல்லட்டும் என்றேன். மூன்று துறைத் தலைவர்களும் பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொள்வது போல டைம்டேபிளுக்கு அடித்துக்கொண்டார்கள். யாருடைய பீரியடை எடுப்பது, எந்த லேபைக் குறைப்பது என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கணக்குப் பாடம் நடத்துகிறவர், “நானும் வெயில்ல நிக்கணுமா?” என்றார். “நிக்கணும் சார், தொப்பி வாங்கித் தரேன்,” என்றேன். ஒரு வருஷம் விடாமல் சண்டை போட்டு அந்த வகுப்பை வாங்கினேன். இன்றைக்கு அதற்காகவே பண்ருட்டியிலிருந்தும் வடலூரிலிருந்தும் பிள்ளைகள் நம் கல்லூரியைத் தேடி வருகிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டா என்றால், நிறையவே உண்டு. அதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்த இரண்டாவது வருஷத்தில் ஒரு குழுவுக்குக் கிடைத்த வேலை கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தில். அங்கே துறைமுகம் கிடையாது. கடலுக்குப் போய் வரும் ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஒரு படகுக்கு இருபது பேர் தோள் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் டிராக்டர் வர வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். அப்போது டிராக்டர் கிடைக்காது. மோட்டார் வைத்துக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்று செய்து தர முடியுமா என்று ஊர்த் தலைவர் கேட்டிருந்தார். மோட்டாரை எலெக்ட்ரிக்கல் பசங்கள் பார்த்துக்கொள்வது, கயிறு சுற்றும் உருளையை மெக்கானிக்கல் பசங்கள் பார்த்துக்கொள்வது, வின்ச்சைப் பிடித்து நிறுத்த மணலுக்குள் புதைக்கும் கான்கிரீட் கட்டையை சிவில் பசங்கள் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே தேடினாலும் கிடைக்காது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

குழுவில் நாலு பேர். நோட்டு எழுதும் பொறுப்பு மதிக்கு. சிவில் படித்தவள், புவனகிரிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம், அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். அதிகம் பேச மாட்டாள். அந்த செமஸ்டர் ஆரம்பத்திலேயே சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஒரே நிபந்தனை, எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது.

கட்டையை வடிவமைக்க வேண்டும் என்றால், படகை மணலில் இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். பண்ருட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து பெரிய தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். அதில் சிவப்பு எழுத்தில் எண் ஒளிரும். இழுக்கும்போது ஏறிய அதிகபட்ச எண் அப்படியே நிற்கும். டிராக்டருக்கும் படகுக்கும் நடுவில் அதை மாட்டி, இழுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

நோட்டு என் மேஜைக்கு வந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சல். ஒரு தடவை தொள்ளாயிரம் கிலோ, அடுத்த தடவை ஆயிரத்து நானூறு, அதற்கடுத்த தடவை ஆயிரத்து நூறு. அதே படகு, அதே மணல், அதே டிராக்டர். புத்தகக் கணக்குப்படி தொள்ளாயிரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஏனோதானோ என்று எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, பக்கத்தின் குறுக்கே ‘ரிபீட்’ என்று போட்டு, கையெழுத்தும் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுபடி போய் எடுத்து வந்தார்கள். மறுபடி அதே கோணல். ரிபீட். மூன்றாவது தடவையும் அப்படியே. இந்த முறை ரிபீட்டுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். நான் ஒரு தடவைகூட அவர்களோடு போகவில்லை. அந்த மாதம் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக்குழு வரப்போகிறது என்று கோப்புகளுக்கு நடுவில் புதைந்து கிடந்தேன்.

நாலாவது தடவை வந்த ரீடிங்குகளைப் பார்த்து எனக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எண்ணூற்றுத் தொண்ணூறு, தொள்ளாயிரத்து ஐந்து, தொள்ளாயிரத்துப் பத்து. கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தவில்லை. அந்த நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டி, “ரீடிங்னா இப்படி இருக்கணும். பொறுமையா எடுத்தா வரும்,” என்று பாராட்டினேன். மதி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று நினைத்தேன்.

நம் லேப்களில் ரீடிங் எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கே படித்தவர்கள்தானே. போன வருஷத்து ரெக்கார்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வது. வர வேண்டிய விடையை முதலில் எழுதுவது. அங்கிருந்து பின்னோக்கி வந்து ரீடிங்கை நிரப்புவது. கெட்டிக்காரர்கள் கடைசி எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வைப்பார்கள், நம்பும்படி இருக்க வேண்டுமே. மாணவியாக இருந்தபோது நானும் செய்திருக்கிறேன். அதில் ரொம்பத் தேர்ச்சி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்த வகுப்பில் அதற்கு வழியில்லை என்று நம்பினேன். இதற்குத்தான் போன வருஷத்து ரெக்கார்டே கிடையாதே என்பது என் எண்ணம். அந்த ரெக்கார்டின் இடத்தில் நானே உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை.

வின்ச் தயாரானது. ஆய்வுக்குழு வந்த அன்றே அதை இயக்கிக் காட்டுவது என்று முதல்வர் முடிவு செய்தார். பாவம், அவருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. அன்று காலையிலேயே திருவந்திபுரம் போய் அர்ச்சனை செய்துவிட்டு, அங்கீகாரம் கிடைத்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டு வந்திருந்தார். கடற்கரையில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். ஆய்வுக்குழுவில் வந்த மூன்று பேருக்கும் இளநீர். கிராமத்தில் அன்றைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்.

இழுப்பதற்கு வெறும் படகை ஈரமணலில் நிறுத்தச் சொல்லியிருந்தோம். ஊர்த் தலைவர் அதற்கு ஒப்பவில்லை. “நல்ல நாள் அதுவுமா வெறும் போட்ட ஏத்தக்கூடாது டீச்சரம்மா. வலையோட, மிஷினோட ஏறுனாதான் எங்களுக்கு விளங்கும்,” என்றார். நான் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியர் ஆனது எல்லாம் அந்த ஊரில் செல்லாது; அங்கே நான் டீச்சரம்மா. வலையை ஏற்றினார்கள். என்ஜினை மாட்டினார்கள். யாரும் கூப்பிடாமலே ஏழெட்டுப் பிள்ளைகள் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. இன்னும் பத்துப் பிள்ளைகள் கயிற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அதெல்லாம் பார்க்க அழகாக இருந்தது.

அப்போது மதி வந்தாள். பின்னால் அவள் குழுவின் மெக்கானிக்கல் பையன் சதீஷும் மற்ற இரண்டு பேரும்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

“என்னம்மா? பேட்ஜ் எங்க? போய்க் குத்திக்க.”

“அந்த நாலாவது தடவ ரீடிங் நாங்க எடுக்கல மேடம்.”

எனக்குப் புரியவில்லை. “பின்ன யாரு எடுத்தது?”

“யாரும் எடுக்கல. ஹாஸ்டல்ல உக்காந்து போட்டோம்.”

நான் கையை ஓங்கிவிட்டேன் என்று சதீஷ் பிற்பாடு சொன்னான். எனக்கு நினைவில்லை. “ஏன்?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

“நீங்க மூணு தடவ ரிபீட் போட்டீங்க. மூணு தடவயும் போயி எடுத்தோம் மேடம். அப்படித்தான் வந்துச்சு. நாலாவது தடவ போயிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.” அவள் திரும்பிப் படகைக் காட்டினாள். “வெறும் போட்டத்தான் இழுப்பாங்கன்னு நெனச்சோம். அதுக்குக் கட்டை தாங்கிடும். இப்ப வலை, மிஷினு, புள்ளைங்க எல்லாம் ஏறிடுச்சு மேடம். அதான் பயமா இருக்கு.”

கட்டையைத் தொள்ளாயிரம் கிலோவுக்கு வடிவமைத்திருந்தோம். பாதுகாப்புக்கென்று கூடுதல் பலம் வைத்திருந்தோம். இவள் சொல்வது உண்மையானால் அந்தக் கூடுதல் பலம் முதல் இழுப்பிலேயே தீர்ந்துபோகும். கட்டை மணலைவிட்டுக் கிளம்பினால் வின்ச்சும் கயிறும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கயிற்றின் இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் நின்றிருந்தார். பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார்களில் அவருக்கு முதல் இடம், அவர் ஐ.டி.ஐ. படித்தவர். நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“தாங்குமா மேடம்?” என்றார்.

“தெரியல.”

“தெரியலயா, தாங்காதா?”

“தெரியல சார்.”

“அப்ப இது எங்கிட்ட இருக்கட்டும்,” என்று ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்துவிட்டார். உங்களுக்கு நெருக்கடி வரும்போது அறிவைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், முதலில் ஃப்யூஸைப் பிடுங்குங்கள்.

முதல்வரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். “மேடம், என் மானத்தக் காப்பாத்துங்க. கரண்ட் இல்லன்னு சொல்லிடலாம். இந்தப் பக்கம் அடிக்கடி போறதுதான, யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்,” என்றார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாகத் தோன்றியது. பெரிய பொய்கூட இல்லை. ஃப்யூஸ் ஃபோர்மேன் பையில் இருக்கும்போது கரண்ட் எங்கிருந்து வரும்? ஆபத்து நீங்கிவிடும், பசங்களுக்குத் தண்டனை இல்லை, என் பேரும் கெடாது. மைக்கை வாங்கிவிட்டேன். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது மதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாஸ்டலில் உட்கார்ந்து அவள் செய்ததைக் கடற்கரையில் நின்று நான் செய்யப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பட்டது.

“இன்னிக்கு இழுக்க முடியாதுங்க,” என்றேன். “மோட்டார் நல்லாதான் இருக்கு. கட்டையோட கணக்கு தப்பு. பசங்க மூணு தடவ சரியா அளந்து வந்தாங்க. நான்தான் அத நம்பாம திருப்பி அனுப்பினேன். தப்பு என்னுது.”

மைக்கில் என் குரலை நானே கேட்டேன். ஊர்த் தலைவர் எழுந்து வந்தார். அவருக்கு வந்த கோபத்துக்கு முன்னால் என் கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. “கடலுக்குப் போவாம மொத்த ஊரும் நிக்குது. எங்கள என்னா வேடிக்க பாக்கவா கூப்ட்டீங்க? அளக்கத் தெரியாமதான் காலேஜி நடத்துறீங்களா?” என்று வெளுத்து வாங்கினார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக, “இழுத்திருந்தா என்னா ஆயிருக்கும்?” என்றார்.

“தெரியாதுங்க. தாங்கியிருக்கலாம். புடுங்கிக்கிட்டு வந்திருக்கவும் கூடும்.”

அவர் திரும்பிக் கயிற்றுப் பக்கம் பார்த்தார். படகுக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “ஏய், எறங்குங்கடா எல்லாரும்!” என்று போட்ட சத்தத்தில் ஆய்வுக்குழுவில் ஒருவர் இளநீரைக் கீழே போட்டுவிட்டார்.

படகை வழக்கம்போல ஆட்களே தோள் கொடுத்து ஏற்றினார்கள். ஆய்வுக்குழுத் தலைவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அவர்களோடு போய் நின்று தள்ளினார். எழுபது வயதை நெருங்கியவர். மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி வந்து நோட்டைக் கேட்டார். மதி கொடுத்தாள். புரட்டினார்.

“இந்தப் பழைய பக்கங்களக் கிழிச்சுப் போடலியாம்மா நீ?”

“நோட்டுல பக்கம் கொறஞ்சா மேடம் கொன்னுடுவாங்க சார்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. பிறகு அவர் ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு, ஒரே படகுக்கு ஏன் எண் இப்படி மாறி மாறி வருகிறது என்று கேட்டார்.

ஊர்த் தலைவர் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. “இதுல என்னா சார் இருக்கு? ஈர மண்ணுல கொஞ்ச நேரம் வுட்டீங்கன்னா மண்ணு புடிச்சிக்கும். எவ்ளோ நேரம் நின்னுச்சோ அவ்ளோ இறுகிடும். மொத இழுப்புதான் ஜாஸ்தி கேக்கும், அப்புறம் தானா வந்துடும். எத்தினி நேரம் நின்னுச்சுன்னு எழுதலியா புள்ளைங்க?”

எழுதியிருந்தார்கள். பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், ஒவ்வொரு ரீடிங்குக்கும் எதிரே மதி நிமிஷத்தைக் குறித்து வைத்திருந்தாள். பத்து, நாற்பது, இருபத்தைந்து. அந்த எழுத்தின் மேல்தான் என் ரிபீட் குறுக்கே கிடந்தது.

கல்லூரிக்குத் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். பொய் ரீடிங் எழுதினால் அந்தப் பாடத்தில் பூஜ்யம் என்பது விதி. பூஜ்யம் என்றால் அரியர். அரியர் என்றால் மதிக்குச் சென்னை வேலை இல்லை. வகுப்பையே நிறுத்திவிடலாம் என்றும் பேச்சு வந்தது. “இவுங்கள வுட்டா நாளைக்கு எல்லாரும் பொய் ரீடிங் போடுவாங்க,” என்றார் ஒருவர். “இன்னிக்கும் எல்லாரும் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஒங்க லேப் ரெக்கார்ட எடுத்துக்கிட்டு வாங்க, இங்கயே பாக்கலாம்,” என்றேன். அவர் எடுத்து வரவில்லை.

கடைசியில் நான் சொன்னது இதுதான்: நோட்டில் நாலு கையெழுத்து இருக்கிறது, நாலும் என்னுடையது. உண்மையான மூன்றை நிராகரித்துப் போட்டேன், பொய்யான ஒன்றை ஏற்றுக்கொண்டு போட்டேன். அவர்களுக்குப் பூஜ்யம் என்றால் எனக்கும் மெமோ வேண்டும். இன்னொன்று, தானாக வந்து சொன்னவளுக்குப் பூஜ்யம் கொடுத்தால், அடுத்த முறை எவனும் வந்து சொல்ல மாட்டான். நாம் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்வோம்.

முதல்வர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். “ஒரு மாசம் தரேன். மறுபடி அளந்து, மறுபடி கட்டி, அந்த ஊர்க்காரங்க நல்லா இருக்குன்னு சொல்லணும். இல்லன்னா மார்க்கும் கெடையாது, வகுப்பும் கெடையாது,” என்றார். எனக்கு மெமோவும் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் நான் வாங்கிய ஒரே மெமோ. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஆய்வுக்குழு என்ன எழுதிக் கொடுத்ததோ தெரியாது, அந்த வருஷம் அங்கீகாரம் வந்துவிட்டது. முதல்வர் மொட்டைத் தலையோடு வந்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார்.

அந்த ஒரு மாதம் நாலு பேரும் உழைத்த உழைப்பை என்னவென்று சொல்வது! மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. படகை ஐந்து நிமிஷம் நிறுத்தி இழுத்தார்கள், அரை மணி நிறுத்தி இழுத்தார்கள், ஒரு மணி நிறுத்தி இழுத்தார்கள். வலையோடு ஒன்று, வலையில்லாமல் ஒன்று. எந்த ரீடிங்கும் இன்னொன்றைப் போல இல்லை. ஆனால் நிற்கும் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஏறுவது தெரிந்தது. புத்தகத்தில் இல்லாத ஒரு வரைபடம் வந்தது. கணக்குப் பாடம் நடத்துகிறவர் அதைப் பார்த்துவிட்டு, தொப்பிகூடக் கேட்காமல் கடற்கரைக்கு வந்து நின்றார். கட்டையை ஒன்றரை மடங்கு பெரிதாக, இன்னும் ஆழத்தில் வைத்து வார்த்தார்கள். நம் கையேட்டில் ‘எந்த ரீடிங்கையும் நிராகரிப்பதற்கு முன் ஆசிரியர் நேரில் போய் ஒருமுறை தானே எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று ஒரு விதி இருக்கிறதே, அதை நான் அந்த மாதம்தான் எழுதிச் சேர்த்தேன். அதைப் படித்துவிட்டுப் பெட்ரோலுக்கு யார் தருவார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்களாம். பஸ்ஸில் போங்கள்.

கடைசிச் சோதனைக்கு முதல் நாள் மதி நோட்டோடு என் அறைக்கு வந்தாள். எல்லாப் பக்கங்களையும் பார்த்தேன். அடித்தல் திருத்தலோடு, மழைத்துளி பட்டு மை கலங்கி, பார்க்கச் சகிக்காத நோட்டு. அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. “எல்லாம் சரியா இருக்கும்மா. நாளைக்கு எனக்கு யூனிவர்சிட்டி வேலை இருக்கு. கடைசிப் பக்கத்துல இப்பவே கையெழுத்து போட்டுடறேன், நாளைக்கு எண்ண மட்டும் நீ எழுதிக்க,” என்று பேனாவை எடுத்தேன்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் மேடம்.”

“என்ன வேணாம்?”

“பாக்காம போடாதீங்க. நீங்க வாங்க. வந்து நின்னு நீங்க படிங்க, நான் எழுதுறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. யூனிவர்சிட்டிக்கு வேறு ஒருவரை அனுப்பினேன்.

மறுநாள் ஷாமியானா இல்லை, மைக் இல்லை. வானம் மூட்டம் போட்டிருந்தது. ஊர்த் தலைவரும் ஐந்தாறு பேரும் மட்டும் வந்திருந்தார்கள். ஃபோர்மேன் மணலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அதைத் தாண்டி ஒருத்தரும் வரக் கூடாது என்றார். பிள்ளைகளை ஊர்த் தலைவரே விரட்டினார். படகு வலையோடும் என்ஜினோடும் ஒரு மணி நேரம் ஈரமணலில் நின்று நன்றாக இறுகியிருந்தது. கயிற்றுக்கும் படகுக்கும் நடுவில் தராசு. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் மதி, நோட்டும் பேனாவுமாக.

ஃபோர்மேன் சுவிட்சைப் போட்டார். கயிறு விறைத்தது. படகு அசையவில்லை. சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. தொள்ளாயிரத்தைத் தாண்டியது, ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. சதீஷ் படகைப் பார்க்கவில்லை, கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று மணல் விட்டது. படகு ஒரு குலுக்குக் குலுங்கிப் பிறகு தானாக ஏறி வந்தது. கட்டை இருந்த இடத்தைவிட்டு நூலளவு நகரவில்லை. ஊர்க்காரர்கள் கத்தியது அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். “இது போதும் டீச்சரம்மா,” என்று ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“ஆயிரத்து எண்ணூறு!” என்று மதியிடம் கத்தினேன்.

அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி, “அப்படியா இருக்கு மேடம்?” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். “ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தி ரெண்டு.”

“ம். அதச் சொல்லுங்க.”

நாலு வருஷம் என் வகுப்பில் வாயே திறக்காத பெண், கடற்கரையில் நிற்க வைத்து என்னைத் திருத்தினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை. அவள் அந்த எண்ணை எழுதினாள். எதிரே, நின்ற நேரம் அறுபது நிமிஷம் என்று எழுதினாள். எழுதியதை ஒரு தடவை தராசோடு சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துக்காக நோட்டை என்னிடம் நீட்டினாள்.